பார்வையாளர் தொகுத்த கண்காட்சி: முரக்கா ஏடுகளும் இன்றைய அருங்காட்சியகமும்

2011ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரு சோதனையை மேற்கொண்டது. தன் சேகரிப்பில் இருந்த இந்தியச் சிற்றோவியங்களை இணையத்தின் வழியாகப் பொதுமக்கள் முன் இரண்டிரண்டாகக் காட்டியது. இரண்டில் எது பிடித்தது என்பதைப் பார்ப்பவர் சில விநாடிகளுக்குள் சொல்லிவிட வேண்டும். அடுத்த கட்டத்தில் ஓவியத்தைப் பற்றித் தம் சொந்தச் சொற்களில் எழுதிய பிறகு மதிப்பிடும்படி கேட்கப்பட்டனர். பின்னர் அறிஞர் எழுதிய விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டு மதிப்பிடும்படி கேட்கப்பட்டனர். மக்களிடையே மிகுதியும் மாறுபட்ட எதிர்வினைகளை எழுப்பிய ஓவியங்கள் சில, ஒரு சிறு கண்காட்சியாகச் சுவரில் இடம்பெற்றன. 'கணப்பொழுது' எனப் பொருள்படும் பெயரே அக்கண்காட்சிக்கு இடப்பட்டது.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 2008இல், அதே அருங்காட்சியகம் புகைப்படங்களைக் கொண்டு இத்தகைய முயற்சி ஒன்றைச் செய்திருந்தது. பொதுமக்கள் அனுப்பிய 389 படங்களை 3,344 பேர் மதிப்பிட்டனர். அவற்றுள் முன்னிலை பெற்ற 78 படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெற்ற மதிப்புக்கு ஏற்பப் படங்களின் அளவும் பெரிதாகவோ சிறிதாகவோ அமைக்கப்பட்டது.

அருங்காட்சியகத்தில் எதைக் காட்டுவது, எதன் அருகில் எதை வைப்பது என்பதைக் காப்பாட்சியரே முடிவு செய்வார். வந்தவர் பார்த்துவிட்டுச் செல்வார். நெடுங்காலமாக இருந்த வழக்கம் இதுவே. அந்த வழக்கத்தை உடைத்துப் பார்வையாளரையே தொகுப்பாளராக்கும் முயற்சிகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. இவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவை முற்றிலும் புதியவை என்றே கருதுகின்றனர். ஆனால் புரூக்ளினில் கணப்பொழுதில் மதிப்பிடப்பட்ட சிற்றோவியங்கள் எந்த மரபைச் சேர்ந்தவையோ, அந்த மரபு வேறொன்றைச் சொல்கிறது. சுவரில் தொங்கவிடுவதற்காகத் தீட்டப்பட்டவை அல்ல அவை. நூல்களிலும் தொகுப்பேடுகளிலும் இடம்பெறுவதற்காகத் தீட்டப்பட்டவை. அத்தொகுப்பேடுகளை அமைத்தவர்கள், அவற்றைப் பார்த்து மகிழ்ந்தவர்களே. முஸ்லிம் அரசவைகளில் 'முரக்கா' என்றழைக்கப்பட்ட இத்தொகுப்பு மரபையும், அது சிதறிய கதையையும், அதன் வெளிச்சத்தில் இன்றைய முயற்சிகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது எனப் பெருமை பேசுவதால் எதுவும் விளங்கிவிடாது. முரக்கா மரபிலும் குறைகள் இருந்தன. அவற்றையும் சேர்த்தே நோக்குவோம். உருவ ஓவியம் பற்றி மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடு தனியே ஆராயப்பட வேண்டியது. இங்கு நாம் எடுத்துக்கொள்வது, முஸ்லிம் சமூகங்கள் உண்மையில் எவற்றைத் திரட்டின, எவ்வாறு ஒழுங்குபடுத்தின என்ற வரலாற்றை மட்டுமே.

ஒட்டுப்போட்ட அங்கி

'முரக்கா' என்ற அரபுச் சொல்லுக்கு ஒட்டுப்போட்டது, துண்டுகளை இணைத்துத் தைத்தது என்பது பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இதுவே பெயர். பல இடங்களில் பெற்ற துணித்துண்டுகள் ஓர் அங்கியாவதைப் போல, பல கைகளில் உருவான ஏடுகள் ஒரு தொகுப்பாகின்றன. ஓர் எழுத்தணி வரி, ஒரு முற்றுப்பெறாத கோட்டோவியம், பழைய நூலொன்றிலிருந்து எடுத்த ஒரு பக்கம் என இவை அனைத்தும் உறுதியான தாளில் ஒட்டப்படும். சுற்றிலும் வண்ண விளிம்பும் பொன்வேலையும் சேர்க்கப்படும். பிறகு நூலாகக் கட்டப்படும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் தைமூரிய இளவரசர்களின் ஆட்சியில், குறிப்பாக ஹிராத் நகரில், இக்கலை வளரத் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டில் ஸஃபவி ஈரானில் முழு வடிவம் பெற்றது. உஸ்மானியர், முகலாயர் ஆகியோரின் அவைகளிலும் பரவியது. பல தொகுப்புகளில் எழுத்தணிக்குத் தலையாய இடம் தரப்பட்டது. ஓவியம் அதற்குத் துணையாகவே வந்து சேர்ந்தது.

ஒரு நூலுக்கும் முரக்காவுக்கும் இடையிலான வேறுபாட்டை இங்குச் சுட்டுவது அவசியம். நூலில் ஓவியம் கதையைப் பின்தொடர்கிறது; அதன் இடத்தை ஆசிரியர் முன்பே தீர்மானித்துவிட்டார். முரக்காவிலோ எந்த ஏட்டுக்கு எதிரே எந்த ஏடு வரவேண்டும் என்பதைத் தொகுப்பவரே தீர்மானிக்கிறார். நூறாண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு எழுத்தணிக் கலைஞர்கள் ஒரே விரிப்பில் சந்திக்கிறார்கள். சீன நாட்டுப் பட்டோவியம் ஹிராத் ஓவியருக்கு எதிரில் வந்தமர்கிறது. இந்தச் சந்திப்பே முரக்காவின் பொருள். ஏடுகளைப் புரட்டுவோர் சிலர் கூடியமர்ந்து, இது யாருடைய கை, இதில் ஆசிரியரை மாணவர் விஞ்சினாரா எனப் பேசிக்கொள்வதற்கு அது இடமளித்தது. அக்காலத்து மஜ்லிஸ் வாழ்க்கையோடு இணைத்தே இத்தொகுப்புகளை நோக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

பஹ்ராம் மிர்ஸாவின் தொகுப்பு

இவ்வகையில் மிகச் சிறந்த சான்றாக விளங்குவது, ஷா தஹ்மாஸ்பின் சகோதரர் பஹ்ராம் மிர்ஸாவுக்காக ஹிஜ்ரி 951இல், அதாவது கி.பி. 1544-45இல், தூஸ்த் முஹம்மது தொகுத்த முரக்காவாகும். இன்று அது இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் உள்ளது. தூஸ்த் முஹம்மது தாமும் ஓர் எழுத்தணிக் கலைஞர்; ஹிராத் மரபில் வந்தவர்.

இத்தொகுப்பின் முன்னால் அவர் எழுதிய நீண்ட முகவுரை பாரசீகக் கலை வரலாற்றின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இளவரசரின் விருப்பம் எதுவென்பதை அவர் அதில் விளக்குகிறார். முன்னோரும் சமகாலத்தவருமான ஆசான்களின் ஏடுகள் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சிதறலிலிருந்து மீட்டு ஒன்றுதிரட்ட வேண்டும் என்பதே அவ்விருப்பம். அதைத் தொடர்ந்து எழுத்தணிக் கலைஞர்களின் பரம்பரையை ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களிடமிருந்து தொடங்கி, ஆசிரியர்–மாணவர் எனச் சங்கிலித் தொடராகக் கூறிச் செல்கிறார். ஹதீஸ் கலையின் இஸ்னாதையும் தரீக்காக்களின் சில்சிலாவையும் அறிந்த வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஓவியத்துக்கும் நபிமார்களின் காலத்தோடு தொடர்புடைய ஒரு கதையை முகவுரை சொல்கிறது. அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், தாம் திரட்டியவற்றுக்கு நியாயம் கூறும் கடமை தமக்கு உண்டு எனத் தொகுப்பாளர் உணர்ந்திருந்தார் என்பதை அது காட்டுகிறது.

முகவுரையோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளே பல ஏடுகளின் மேல், இது இன்னாருடைய கைவேலை எனக் குறிப்புகளும் எழுதிவைத்தார். சீன ஓவியங்களைச் சீன ஆசான்களின் பணி எனத் தனித்துக் காட்டினார். இன்றைய அருங்காட்சியகச் சுவரில் ஓவியத்தின் அருகே ஒட்டப்படும் பெயர்க்குறிப்பு செய்யும் வேலையை இக்குறிப்புகள் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துள்ளன. பாரசீகத் தொகுப்பேடுகளை விரிவாக ஆராய்ந்த டேவிட் ராக்ஸ்பர்க், இவற்றைச் சிதறல்களின் குவியலாகக் கருதாமல், ஒரு கலை வரலாற்றைத் தம் அமைப்பின் வழியாகவே சொல்லும் படைப்புகளாகக் காண வேண்டும் என வலியுறுத்தியுள்ளார்.

முகலாய அவையில்

முகலாயரிடம் வந்தபோது இம்மரபு மேலும் செழித்தது. பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சிக்காலம் 1605–1627) இளவரசராக இருந்த காலத்திலேயே தொகுக்கத் தொடங்கிய 'முரக்கா-யே குல்ஷன்' இவற்றுள் புகழ்பெற்றது. எழுத்தணி ஏடுகளைச் சுற்றியுள்ள விளிம்புகளில், தாளை மெருகேற்றுபவர் முதலாக நூல் செய்யும் தொழிலாளர் பலர் தத்தம் வேலையில் ஈடுபட்டிருக்கும் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. 1580 முதல் முகலாய அவைக்கு வந்த ஜெசூட் பாதிரிமார் வழியாகவும் பிறர் வழியாகவும் கிடைத்த ஐரோப்பிய அச்சுப்படங்களும், அவற்றைப் பார்த்து முகலாய ஓவியர் வரைந்த படிகளும் அதில் இடம்பெற்றன. ஜெர்மானியக் கலைஞர் டியூரரின் படங்களும் அவற்றுள் அடக்கம்.

ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் 1618ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்தில், எந்த ஓவியத்தைக் கண்டாலும் அதைத் தீட்டியவர் யார் எனத் தம்மால் சொல்லிவிட முடியும் என்கிறார். ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை மற்றொருவரும் வரைந்திருந்தால்கூட இருவரையும் பிரித்தறிய முடியும் என்கிறார். அரசருக்குரிய மிகைக்கூற்று இதில் இருக்கலாம். ஆயினும் பார்த்தல் ஒரு பயிற்சி, அதில் தேர்ச்சி பெறுவது பெருமைக்குரியது என்ற எண்ணம் அவ்வவையில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இக்கூற்று உணர்த்துகிறது.

அவருடைய பேரர் தாரா ஷிகோ 1630களில் தொகுத்த முரக்கா இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பெரிதும் சிதையாமல் எஞ்சிய முகலாயத் தொகுப்பு என்ற வகையில் அது அரியதாகும். அதில் உள்ள 70க்கும் மேற்பட்ட ஏடுகளில் ஓவியங்கள் இணை இணையாக அமைந்துள்ளன. பறவைக்கு எதிரே பறவை, மலருக்கு எதிரே மலர், இளவரசருக்கு எதிரே இளவரசி. அடுத்த விரிப்பில் எழுத்தணி ஏடுகள் இரண்டு எதிரெதிரே அமையும். இத்தொகுப்பைத் தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு அன்பளிப்பாக அளித்தார். அவரே எழுதிய அர்ப்பணிப்புக் குறிப்பு அதைக் கூறுகிறது. 1659இல் நாதிரா பானு இறந்தார். அதே ஆண்டில் தாரா ஷிகோ கொல்லப்பட்டார். பின்னர் தொகுப்பை அவரோடு தொடர்புபடுத்திய குறிப்புகளை அழிக்க முயற்சி நடந்தது. ஏடுகளின் அழகைக் காத்துக்கொண்டே தொகுத்தவரின் பெயரை மறைக்க முயன்றவர்கள், ஒரு தொகுப்புக்கு அதைத் தொகுத்தவரின் பெயர் எவ்வளவு முக்கியமானது என்பதை நமக்கு அறியத் தந்துவிட்டார்கள்.

மரபின் மறுபக்கம்

இனி இம்மரபின் குறைகளைக் காண்போம். முதலாவது, இது ஒரு சிலரின் உரிமையாகவே இருந்தது. இளவரசர்களும் அமீர்களும் அவர்களைச் சூழ்ந்தோருமே ஏடுகளைப் புரட்டினர். குல்ஷன் தொகுப்பின் விளிம்பில் தாளை மெருகேற்றுவதாகத் தீட்டப்பட்ட தொழிலாளி, அந்த ஏட்டைத் தம் மடியில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றிருப்பாரா என்பது ஐயமே.

இரண்டாவது, புதிய தொகுப்பு ஒன்று உருவாகும்போது பழையது ஒன்று பலமுறை அழிந்தது. நூல்களிலிருந்து ஓவியப் பக்கங்கள் வெட்டப்பட்டன. விளிம்புக்குப் பொருந்தும்படி ஓவியங்கள் குறுக்கப்பட்டன. சில இடங்களில் நீட்டியும் வரையப்பட்டன. எழுத்தணி ஏட்டின் கவிதை பாதியில் முறிந்தது. தேர்ந்தெடுத்தல் என்பது எப்போதும் ஒன்றை அதன் பழைய இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பதுதான். முரக்காவைத் தொகுத்தவர்களும் இதற்கு விலக்கல்லர்.

சிதறிய ஏடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வேறொரு வகைச் சிதறல் தொடங்கியது. 1784 முதல் 1790 வரை இஸ்தான்புல்லில் பிரஷ்யாவின் தூதராக இருந்த ஹைன்ரிஷ் ஃபிரீட்ரிஷ் ஃபான் டீட்ஸ், தோப்காப்பி அரண்மனைத் தொகுப்புகளிலிருந்து பிரிக்கப்பட்ட ஏடுகளைப் பெற்றுத் தம் தொகுப்புகளில் ஒட்டிக்கொண்டார். ரஷீதுத்தீனின் 'ஜாமிஉத் தவாரீஹ்' என்ற உலக வரலாற்று நூலுக்காகப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களும் அவற்றுள் உள்ளன. 1817இல் அவர் இறந்த பின் அத்தொகுப்புகள் பெர்லின் அரச நூலகத்தைச் சேர்ந்தன. குல்ஷன் தொகுப்போ ஈரானுக்குச் சென்றது. அதன் பெரும்பகுதி இன்று டெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்து ஹைன்ரிஷ் புருக்ஷ் கொண்டுவந்த ஏடுகள் பெர்லினில் உள்ளன. ஒரே தொகுப்பின் ஏடுகள் இவ்வாறு வெவ்வேறு நாடுகளில் வாழ்கின்றன.

ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்து ஏடுகளைக் கொண்ட மற்றொரு தொகுப்பின் கதையும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூல ஏடுகளோடு பிற்காலப் படிகளும் கலந்து கட்டப்பட்ட அது, 1929இல் ஸ்காட்லாந்தின் பழம்பொருள் கடை ஒன்றில் நூறு பவுனுக்கும் குறைவான விலைக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு லண்டன் ஏலத்தில் 10,500 பவுனுக்குக் கைமாறியது. வாங்கிய வணிகரின் பெயரால் இன்று 'கெவோர்கியன் தொகுப்பு' என அழைக்கப்படும் அதன் 50 ஏடுகளில் 41 நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், 9 வாஷிங்டனின் ஃபிரியர் கலைக்கூடத்திலும் உள்ளன.

அருங்காட்சியகம் இந்த ஏடுகளைக் காப்பாற்றியது. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். மேலும், அரசவையில் சிலர் மட்டுமே கண்டதைச் சாமானியரும் காணும்படி அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று கைவிட்டுப் போயிற்று. ஏடு கண்ணாடிக்குள் சென்றது. அதன் ஒரு பக்கம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. பின்பக்கத்தில் இருந்த எழுத்தணி சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டது. எதிர் ஏடு வேறொரு நகரத்தில் இருந்தது. கூடிப் பேசிய மஜ்லிஸ் மறைந்து, அமைதியாகக் கடந்து செல்லும் வரிசை வந்தது. 'இஸ்லாமியக் கலை' என்ற பெயரின் கீழ் இவற்றையெல்லாம் ஒன்றாக அடுக்கியவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய அறிஞர்களும் சேகரிப்பாளர்களுமே. அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் ஒழுங்குபடுத்தும் உரிமை அவர்களிடம் மட்டுமே இருந்தது. முரக்கா சிலருக்குக் கையைக் கொடுத்தது. அருங்காட்சியகம் பலருக்குக் கண்ணைக் கொடுத்தது.

வாக்கெடுப்பும் தேர்வும்

அந்தப் பலருக்கும் கையையும் கொடுக்க இயலுமா என்பதே இன்றைய முயற்சிகளின் கேள்வியாகும். இவற்றைச் சற்று வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதல் வகை, வாக்கெடுப்பு. 2014இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், பதிவுவாத ஓவியங்கள் 50ஐ முன்வைத்து, அவற்றுள் 30ஐப் பொதுமக்களின் வாக்கால் தேர்ந்து கண்காட்சி அமைத்தது. மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். ஆனால் அந்த 50ஐத் தேர்ந்தவர்கள் அருங்காட்சியகத்தாரே. வாக்களித்தவர் தம் தேர்வுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எதன் அருகே எது வரவேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. வாக்கு எண்ணிக்கையாகிறது, எண்ணிக்கை தரவரிசையாகிறது. புரூக்ளினின் கணப்பொழுதுச் சோதனை இதைவிட நேர்மையானது எனலாம். விரைந்து பார்ப்பதும், எழுதிப் பார்ப்பதும், படித்துப் பார்ப்பதும் ஒன்றுதானா என்பதையே அது சோதனைப் பொருளாக்கியது. எனினும், இரு முழங்கைகளையும் ஊன்றி மணிக்கணக்கில் பார்ப்பதற்காக ஒற்றை முடி கொண்ட தூரிகையால் தீட்டியது போன்ற நுட்பத்துடன் உருவான ஓர் ஏடு, சில விநாடிகளில் தன்னைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

இரண்டாம் வகை, தனிமனிதத் தொகுப்பு. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2012 அக்டோபரில் தன் சேகரிப்பிலுள்ள 1,25,000 பொருட்களின் தெளிவான படங்களை இணையத்தில் திறந்துவைத்தது. எவரும் தமக்குப் பிடித்தவற்றை எடுத்து, விரும்பினால் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தம் பெயரில் ஒரு தொகுப்பை அமைத்துக்கொள்ள வழிசெய்தது. வெட்டினாலும் மூலம் கெடுவதில்லை என்பது இதன் சிறப்பு. முரக்காக்காரரின் கத்தரிக்கோல் செய்த சேதத்துக்கு இங்கு இடமில்லை.

மூன்றாம் வகையே நம் கருத்துக்கு மிகவும் உரியது. அருங்காட்சியகத்துக்குள் இருந்தும் குரலற்றிருந்தவர்களிடம் தேர்வைத் தருவது அது. 1992இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பறையை ஆராய்ந்த ஃபிரெட் வில்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர், செல்வர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களின் நடுவே அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்தார். 'உலோக வேலை' என்றே குறிப்பும் எழுதினார். இரண்டும் அதே சேமிப்பறையில் இருந்தவையே. அருகருகே வைத்ததுதான் புதிது. அதே நகரின் கலை அருங்காட்சியகத்தில் 2022இல், நாள்தோறும் அக்கூடங்களில் நின்று காவல் புரிந்த 17 ஊழியர்கள் தாம் தேர்ந்த படைப்புகளைக் கொண்டு ஒரு கண்காட்சியை அமைத்தனர். எந்த அறிஞரையும்விட அதிக நேரம் அந்த ஓவியங்களின் முன் நின்றவர்கள் அவர்களே.

முல்தகா: சந்திக்கும் இடம்

இம்மூன்றாம் வகையில், முஸ்லிம் வாசகர் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி பெர்லினில் நடந்தது. அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 1904இல் தொடங்கப்பட்டது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1903இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அளித்த முஷத்தா அரண்மனை முகப்பு அதன் முதன்மைப் பொருட்களில் ஒன்று. இன்றைய ஜோர்தானில் எழுந்த உமையாக்கள் காலத்துக் கட்டடம் அது. ஹலப் நகர வணிகர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த, 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் வண்ணம் தீட்டப்பட்ட மரச்சுவர் அறையும் அங்கு உள்ளது. வீட்டுக்குரியவர் ஒரு கிறிஸ்தவர். அவ்வீட்டின் அழகியலோ அந்நகரத்து அனைவருக்கும் பொதுவானது.

2015இல் சிரியாவிலிருந்தும் இராக்கிலிருந்தும் பெருந்தொகையான அகதிகள் ஜெர்மனியை வந்தடைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் வேறு மூன்று அருங்காட்சியகங்களோடு சேர்ந்து 'முல்தகா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சந்திக்கும் இடம் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். அகதிகளாக வந்தவர்களுக்கே பயிற்சி அளித்து, அரபு பேசும் பிறருக்கு அவர்களை வழிகாட்டிகளாக்கினர். எந்தப் பொருளின் முன் நிற்பது, எதிலிருந்து எதற்குச் செல்வது, அதைப் பற்றி என்ன சொல்வது என்பவற்றில் அவர்களுக்கு இடம் தரப்பட்டது.

பொருட்கள் அசையவில்லை; சுவர்க்குறிப்புகளும் மாறவில்லை. ஆனால் ஒரு வழிகாட்டி நிற்கும் இடங்களின் வரிசையே ஒரு தொகுப்பாகிவிடுகிறது. ஹலபின் தெருக்கள் இடிந்து கிடக்க, ஹலபின் அறை பெர்லினில் முழுமையாக நிற்கிறது. அதன் முன் நின்று அந்நகரத்தவர் ஒருவர் தம் ஊராருக்குச் சொல்லும் சொல்லை எந்தக் காப்பாட்சியராலும் எழுதித் தந்துவிட முடியாது. ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான ஜெர்மானிய நகரங்களின் படங்கள் அவர்களை நிறுத்தின. அழிந்த ஊர் மீண்டும் எழுந்ததை அவர்கள் அங்கே கண்டனர்.

இத்திட்டம் பின்னர் பிற ஐரோப்பிய நகரங்களிலும் பின்பற்றப்பட்டது. பெர்லினில் அந்த அருங்காட்சியகம் அமைந்திருந்த பெர்கமோன் கட்டடம் 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடப்பட்டது. மூடப்படுவதற்கு முன் அங்கே தொடங்கிய கேள்வி மூடப்படவில்லை: ஒரு சமூகத்தின் பழம்பொருட்களை ஒழுங்குபடுத்திப் பொருள் சொல்வதில் அச்சமூகத்தவரின் பங்கு என்ன?

தொகுப்பாளரின் பொறுப்பு

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். தூஸ்த் முஹம்மதுவின் பணியில் மூன்று பண்புகள் இணைந்திருந்தன. அவர் தம் பெயரை இட்டார். தம் தேர்வுக்கும் ஒழுங்குக்கும் முகவுரையில் காரணம் கூறினார். ஆசான்களின் பரம்பரையை அறிந்தபின் தேர்ந்தெடுத்தார். பெயரும் காரணமும் அறிவும் இல்லாத தேர்வு, வெறும் விருப்பக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. வாக்கெடுப்புக் கண்காட்சிகளின் குறை இதுவே. அவற்றுக்கு மக்களின் அறியாமை காரணமன்று. மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மிகச் சிறியது; அதுவே காரணம். முல்தகா வழிகாட்டிகளிடம் பெரிய கேள்வி கேட்கப்பட்டது. அவர்களும் பயிற்சி பெற்று, முகம் காட்டி, காரணம் சொல்லி அதற்கு விடையளித்தனர். அரசவையின் சிலருக்கு மட்டும் உரியதாக இருந்த மஜ்லிஸ், அகதிகளின் மஜ்லிஸாக அங்கு மீண்டும் கூடியது எனலாம்.

கையில் வந்த பொருள் அமானிதம் என்ற உணர்வு நம் மரபில் வலுவானது. காப்பது அந்த அமானிதத்தின் ஒரு பாதி. அறிந்து, ஒழுங்குபடுத்தி, அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வது மறு பாதி. முதல் பாதியை உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் ஓரளவுக்கேனும் செய்துவிட்டன. இரண்டாம் பாதியை அவர்களிடமே விட்டுவிட்டு, பிறர் நம்மைத் தவறாகக் காட்டுகிறார்கள் எனக் குறைகூறிக்கொண்டிருப்பது போதாது.

அதற்கான வாயில் இன்று முன்னெப்போதையும்விட அகலத் திறந்துள்ளது. ஃபிரியர் கலைக்கூடம் தன் சேகரிப்பின் படங்களை 2015 தொடக்கத்தில் இணையத்தில் வெளியிட்டது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களைக் கட்டணமும் தடையுமின்றி எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கெவோர்கியன் தொகுப்பின் ஏடுகளை ஆராய்ந்து 1987இல் மெட்ரோபாலிட்டன் வெளியிட்ட நூலில், இஸ்லாமிய இலக்கியத்துக்குத் தம் வாழ்நாளையே அளித்த அன்னிமேரி ஷிம்மலும் பங்குகொண்டார். ஏடுகளின் விளிம்பில் உள்ள பழைய எண்களையும் விளிம்பு வேலைப்பாட்டின் முறையையும் கொண்டு, அவை முதலில் எந்த வரிசையில் இருந்தன என்பதை அந்த அறிஞர்கள் ஊகித்தறிந்தனர்.

ஆகவே ஆர்வமுள்ள ஒரு கல்லூரி மாணவரோ மத்ரஸா மாணவரோ, நியூயார்க்கில் உள்ள ஓர் ஏட்டையும் வாஷிங்டனில் உள்ள ஓர் ஏட்டையும் தம் மேசையில் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பின்பக்கத்து எழுத்தணியைப் படித்துப் பொருள் கேட்கலாம். எந்த ஏட்டுக்குப் பின் எது வரவேண்டும் எனத் தாமே முடிவுசெய்து, ஏன் என்பதற்கு நான்கு வரியில் ஒரு முகவுரை எழுதலாம். அதன் கீழே தம் பெயரையும் இடலாம். பஹ்ராம் மிர்ஸா தம் நூலகத்தில் செய்வித்த பணி அதுதான். அதைச் செய்ய அவருக்கு ஓர் அரண்மனை தேவைப்பட்டது.